கெட்டியான காய்களுக்கு எந்த மெஷின் தாங்கும்?

கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், சர்க்கரைவள்ளி, பூசணி என்று கெட்டியான காய்களைப் பச்சையாகவே நறுக்கவும் துருவவும் அரைக்கவும் வேண்டும். வாங்குகிற மெஷின் ஒன்றிரண்டு வருஷத்தில் மோட்டார் புகைந்தோ ஜார் உடைந்தோ மூலைக்குப் போய்விடுகிறது. எத்தனை வாட் வாங்கினால் நிலைக்கும், பிளெண்டர் நல்லதா ஃபுட் பிராசசர் நல்லதா? இதுதான் கேள்வி.

பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாட் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். மோட்டாருக்கும் காய்க்கும் நடுவே இருக்கிற கப்ளர் (மோட்டாரின் சுழற்சியை ஜாரின் பிளேடுக்குக் கடத்தும் இணைப்பு), பேரிங் (சுழலும் அச்சைத் தாங்குவது), பிளேடு, மூடியின் லாக் ஆகியவற்றைப் பாருங்கள். அவை தனித்தனியாகக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். மோட்டார் கல்லு மாதிரி இருக்கும்போதே, மூடியின் ஒரு காது உடைந்ததற்காகக் குப்பைக்குப் போகும் மெஷின்கள் ஏராளம்.

பெட்டி மேல் பெரிதாகப் போட்டிருக்கும் வாட், மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதைச் சொல்கிறது. காயை வெட்டுவது முறுக்குவிசை, அதாவது அச்சைத் திருப்பும் பலம். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஹோட்டல் சமையலறைகளில் ஓடும் ரோபோ கூப் ஆர்2 மெஷின் 550 வாட்தான். நிமிடத்துக்கு 1500 சுற்று. வீட்டு பிளெண்டர் ஒன்று 1000 வாட், 18,000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். வாட்டைச் சுழலும் வேகத்தால் வகுத்தால் முன்னதற்கு அச்சில் சுமார் 3.5 நியூட்டன் மீட்டர் வரும், பின்னதற்கு 0.53. வெப்பமாக வீணாகும் பங்கை இரண்டிலும் கழிக்க வேண்டும்தான், ஆனாலும் ஏறத்தாழ ஆறு மடங்கு வித்தியாசம் நிற்கும்.

இந்தக் குறையை பிளெண்டர் வேகத்தால் ஈடுகட்டுகிறது. 7 செ.மீ. அகலமுள்ள பிளேடு 18,000 சுற்றில் ஓடும்போது அதன் நுனி நொடிக்கு 66 மீட்டர் பாய்கிறது. பிராசசரில் 17 செ.மீ. பிளேடு 1500 சுற்றில் நொடிக்கு 13 மீட்டர்தான் போகும். பிளெண்டர் அடித்து நொறுக்கும், பிராசசர் வெட்டும். அதனால்தான் விலை உயர்ந்த பிளெண்டர்களின் பிளேடைத் தொட்டுப் பார்த்தால் மொண்ணையாக இருக்கும், அது குறையல்ல. பிராசசரின் பிளேடு மொண்ணையாக இருந்தால் மட்டும் வாங்கக் கூடாது.

குதிரைத்திறன் விளம்பரத்திலும் ஏமாற வேண்டாம். ‘பீக்’ என்று போட்டிருந்தால், மோட்டார் கிளம்பும் அந்தக் கணத்திலோ முழுக்கச் சிக்கிக்கொண்டு நிற்கும்போதோ இழுக்கிற அளவு அது. அந்த அளவில் மோட்டார் சில நொடிகூடத் தொடர்ந்து வேலை செய்யாது. அமெரிக்காவில் இருப்பது போன்ற 120 வோல்ட், 15 ஆம்பியர் பிளக்கில் அதிகபட்சம் 1800 வாட்தான் எடுக்க முடியும். ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பதால் இது 2.4 குதிரைத்திறன். அந்தப் பிளக்கில் மாட்டும் மெஷினுக்கு 3 அல்லது 3.5 என்று போட்டிருந்தால் அது தொடர்ந்து கிடைக்கும் பலமாக இருக்கவே முடியாது. மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் ரேட்டிங் பிளேட்டில் உள்ள எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிளெண்டரா பிராசசரா என்பது. இதற்கு ஒரே ஒரு விஷயத்தைத் தீர்மானித்தால் போதும்: காய் தண்ணீரோடு போகிறதா, தண்ணீர் இல்லாமல் போகிறதா? பிளெண்டருக்குத் திரவம் கட்டாயம். பிளேடு சுழலும்போது உண்டாகும் சுழல்தான் மேலே இருக்கும் துண்டுகளைக் கீழே இழுக்கிறது. திரவம் இல்லாவிட்டால் அடித்துண்டுகள் கூழாகி ஜாரின் சுவரில் அப்பிக்கொள்ளும், பிளேடைச் சுற்றி ஒரு காற்றுப் பை உருவாகும், மேலே இருக்கும் துண்டுகள் அப்படியே நிற்கும். ‘இன்னும் அரைபடவில்லையே’ என்று ஓட்டிக்கொண்டே இருப்போம். கூழில் சிக்கிய பிளேடை இழுத்தபடி மோட்டார் வீணாகச் சூடாகும். அரை கிலோ பச்சைக் கேரட் துண்டுக்கு 200 முதல் 250 மில்லி தண்ணீர் ஊற்றினால்தான் பிளெண்டர் ஒழுங்காக இழுக்கும். தண்ணீர் முதலில், காய் பிறகு. மூடியின் நடுத்துளை வழியாகக் குத்திவிடும் கட்டை மெஷினோடு வந்தால் அதை மட்டுமே பயன்படுத்த வேண்டும். அதன் நீளம் பிளேடைத் தொடாதபடி அளந்து செய்தது. கரண்டிக்காம்பை விட்டால் பிளேடும் போகும், ஜாரும் போகும்.

தண்ணீர் சேர்க்காமல் துருவல், வட்ட நறுக்கல், கொத்தல் வேண்டும் என்றால் பிராசசர்தான். உங்கள் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் இந்த வேலைதான். இரண்டு வேலையும் சரிசமமாக இருந்தால் இரண்டு மெஷினாக வாங்குவதே நல்லது என்பது என் முடிவான கருத்து. ஒரே மோட்டாரில் பிளெண்டர் ஜாரும் பிராசசர் கிண்ணமும் மாட்டுகிற கூட்டு மாடல்களில், அதிவேக மோட்டாரை மெதுவாக்கிக் கிண்ணத்துக்குக் கொடுப்பதற்கு ஒரு பல்சக்கரத் தொகுதி வைத்திருப்பார்கள். அந்தப் பற்கள் பிளாஸ்டிக்காக இருந்தால் கெட்டியான காய்க்கு முதலில் தேய்வது அவைதான். பல் தேய்ந்தால் மோட்டார் இரையும், தட்டு நின்று நின்று சுற்றும். இடம் இல்லை, கூட்டு மாடல்தான் வேண்டும் என்றால், அந்தக் கியர் பாகம் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இனி மோட்டார். சமையலறை மெஷின்களில் இரண்டு வகைதான் பொதுவாகக் காணப்படும். ஒன்று கார்பன் பிரஷ் (சுழலும் பாகத்தில் உரசி மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) வைத்த யூனிவர்சல் மோட்டார். சின்னது, லேசானது, வேகமானது, சத்தம் அதிகம். பிளெண்டர்கள் கிட்டத்தட்ட எல்லாமே இதுதான். இன்னொன்று பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார். கனமானது, மெதுவானது, தேயும் பாகம் என்று பேரிங்கைத் தவிர எதுவும் இல்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 1500 சுற்றை ஒட்டியும் 60 ஹெர்ட்ஸில் 1800 சுற்றை ஒட்டியும் ஓடும். சுமை ஏறினாலும் வேகம் பெரிதாகக் குறையாது. மேஜிமிக்ஸ், ரோபோ கூப் போன்ற பிராசசர்களில் இருப்பது இதுதான். மேஜிமிக்ஸ் தன் மோட்டாருக்கு 30 வருஷ உத்தரவாதம் கொடுப்பது இந்த அமைப்பை நம்பித்தான். கடையில் கண்டுபிடிப்பதும் சுலபம். ரேட்டிங் பிளேட்டில் சுற்று எண்ணிக்கை இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் தூக்கிப் பாருங்கள். பெரிய கிண்ணத்துப் பிராசசர் ஒரு கையில் சாதாரணமாகத் தூக்க வந்தால் உள்ளே இருப்பது பிரஷ் மோட்டார்.

பிரஷ் மோட்டார் மோசம் என்று சொல்ல வரவில்லை. அது எப்படிச் சாகிறது என்று தெரிந்துகொண்டால் பத்து வருஷம் ஓட்டலாம். அதைக் குளிரவைக்கும் காற்றாடி மோட்டாரின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. கெட்டியான காய் பிளேடைப் பிடித்து இழுக்கும்போது வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் மோட்டார் இன்னும் அதிக மின்சாரம் இழுக்கிறது, அதே நேரத்தில் காற்றாடியின் காற்றும் குறைகிறது. சூடு இரண்டு பக்கத்திலிருந்தும் ஏறுகிறது. ‘கெட்டியான காயாச்சே, மெதுவாகவே ஓட்டுவோம்’ என்று குறைந்த வேகத்தில் இரண்டு மூன்று நிமிடம் ஓட்டுவதுதான் இந்த மோட்டாரைக் கொல்லும் வழி. மிதிவண்டியைப் பெரிய கியரில் போட்டு மேட்டில் ஏற்றுவது மாதிரி அது. பிளெண்டரைக் குறைந்த வேகத்தில் தொடங்கி மூன்று நான்கு நொடிக்குள் உச்ச வேகத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். உச்ச வேகத்திலும் மோட்டார் முனகினால் வேகத்தைக் குறைக்கக் கூடாது, நிறுத்திவிட்டுக் காயைக் குறைக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓட்டலாம் என்பது பல மெஷின்களில் எழுதியே இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. ஐரோப்பியச் சந்தைக்கு வரும் மாடல்களின் ரேட்டிங் பிளேட்டில் ‘கேபி’ (KB) என்ற இரண்டு எழுத்தோடு 1 நிமிடம், 3 நிமிடம், 5 நிமிடம் என்று ஒரு நேரம் இருக்கும். அதுதான் ஒரு மூச்சில் ஓட்டக்கூடிய நேரம். பிறகு ஆறவிட வேண்டும். மற்ற நாட்டு மாடல்களில் கையேட்டில் தேட வேண்டும். ஒரு நிமிடம் என்று போட்ட 1200 வாட் மெஷினைவிட, ஐந்து நிமிடமோ அதற்கு மேலோ தாங்கும் 700 வாட் மெஷின் உங்கள் வேலைக்கு மேல். நேரமே எழுதாத மெஷினில் ஒரு நிமிடம் ஓட்டி இரண்டு நிமிடம் ஆறவிடுவது பாதுகாப்பு.

அடியில் சிவப்பு நிறத்தில் ஓவர்லோட் பொத்தான் இருப்பது நல்ல அடையாளம். சுமை மீறினால் அது வெளியே தள்ளிக்கொண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும்; காயைக் குறைத்து, சில நிமிடம் கழித்து உள்ளே அமுக்கினால் மறுபடி ஓடும். சில மாடல்களில் பொத்தான் இல்லாமல் தானாக அறுபட்டு, ஆறியதும் தானாகச் சேரும் சுவிட்ச் இருக்கும். மலிவான சிலவற்றில் உள்ளே மோட்டாரின் கம்பிச்சுருளோடு ஒரு வெப்ப ஃப்யூஸ் மட்டும் வைத்திருப்பார்கள். ஒருமுறை அறுந்தால் அவ்வளவுதான், மெஷினைப் பிரித்து மாற்ற வேண்டும். வாங்குமுன் இது மூன்றில் எது என்று கேளுங்கள். இன்னொன்று, கார்பன் பிரஷ்ஷுக்கு வெளியிலிருந்தே கழற்றும் திருகுமூடி இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பிரஷ் 5, 6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் ஸ்க்ரூடிரைவர் ஒன்றை வைத்தே மாற்றிவிடலாம். தேய்ந்த பிரஷ்ஷோடு ஓட்டினால் ஸ்பிரிங் இறங்கி, பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரைக் கீறும். பிறகு மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சரையே மாற்ற நேரும்.

மோட்டாரின் பலம் காய்க்குப் போய்ச்சேரும் வழி மூன்று விதம். மோட்டார் அச்சே நேராகக் கிண்ணத்துக்குள் வருவது ஒன்று. இதில் கெடுவதற்கு நடுவே எதுவும் இல்லை, பிராசசருக்கு இதுதான் முதல் தேர்வு. பெல்ட் போட்டது இரண்டாவது. சிக்கினால் பெல்ட் வழுக்கி மோட்டாரைக் காப்பாற்றும், ஆனால் கெட்டியான பீட்ரூட்டை அழுத்தித் துருவும்போதெல்லாம் வழுக்கும், ரப்பர் கருகிய வாசனை வரும். பெல்ட் கிடைக்குமென்றால் தாராளமாக வாங்கலாம். மூன்றாவது, மேலே சொன்ன பல்சக்கரம்.

பிளெண்டர் ஜாருக்கும் மோட்டாருக்கும் நடுவே இருக்கும் கப்ளரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ரப்பர், நைலான் கப்ளர்கள் தேயவும் உடையவும் என்றே வைக்கப்பட்டவை. பிளேடு சிக்கினால் அது உடைந்து மோட்டாரைக் காப்பாற்றும். ஆகவே கப்ளர் உடைந்ததென்று மெஷினைக் குறை சொல்லக் கூடாது. அது கிடைக்காத மெஷினை வாங்கியிருந்தால்தான் குறை. உலோகக் கப்ளர் அவ்வளவு சுலபத்தில் தேயாது, ஆனால் அதிர்ச்சி முழுவதும் அச்சுக்கும் பேரிங்குக்கும் போகும். பெரிய மோட்டாரும் தடிமனான அச்சும் உள்ள மெஷினில்தான் அது பொருந்தும். பிளேடு முழுக்க நிற்பதற்குள் ஜாரைத் தூக்குவது, ஓடும் மோட்டார்மேல் ஜாரை வைப்பது இரண்டும் கப்ளரின் பற்களை ஒரே நாளில் மழுங்கடித்துவிடும்.

கப்ளரை மாற்றும்போது பலர் திசை தெரியாமல் அச்சையே வளைத்துவிடுகிறார்கள். மரை போட்டு மாட்டியிருக்கும் கப்ளருக்கு ஒரு நிச்சயமான விதி உண்டு. ஓடும்போது தானாக இறுகிக்கொண்டே போகும்படிதான் மரையைப் போட்டிருப்பார்கள். ஆகவே மோட்டார் பக்கத்துக் கப்ளரை, மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுமோ அதே பக்கம் திருப்பினால் கழலும். ஜாரின் அடியில் இருக்கும் கப்ளர் இதற்கு நேர்மாறு: சுழலும் திசைக்கு எதிராகத் திருப்ப வேண்டும். ஜாரைக் கவிழ்த்துப் பிடித்தால் வலம் இடமாகத் தெரியும், அதையும் கணக்கில் கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அச்சு சுற்றாமல் பிடிக்க ஜார் பக்கத்தில் பிளேடின் மேல் தடித்த துணியைச் சுற்றுங்கள். மோட்டார் பக்கத்தில் சில மாடல்களில் அச்சின் கீழ் நுனியை ஸ்க்ரூடிரைவரால் பிடிக்க அடியில் ஒரு வெட்டு இருக்கும்.

பிளேடுக்கு வருவோம். கெட்டியான காய்க்குப் பிளேடு தகடு மெலிந்திருந்தால் வளையும், பிறகு அதிரும், அதிர்வு பேரிங்கைத் தின்னும். 2 மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமன் இருந்தால் நல்லது. எஃகின் வகையை ஒரு சின்னக் காந்தத்தால் சோதிக்கலாம். கத்திக்கு ஏற்ற, சூடேற்றிக் கடினமாக்கக்கூடிய 420 வகை எஃகு காந்தத்தை நன்றாகப் பிடிக்கும். பாத்திரத்துக்குப் பயன்படும் 304 வகை கிட்டத்தட்டப் பிடிக்காது. துரு ஏறாது என்றாலும் கூர் நிற்காது. பிராசசரின் எஸ் வடிவ பிளேடுக்கும் சீவும் தட்டுக்கும் காந்தம் பிடிக்கிற வகைதான் வேண்டும். அதைக் கழுவி உடனே துடைத்துவிட வேண்டும் என்பதே அதற்குக் கொடுக்கும் விலை.

பிளேடு நடுத்தண்டோடு எப்படிச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். ரிவெட் அடித்ததில் ஒவ்வொரு துளையும் ஒரு பலவீனமான இடம். 2016 டிசம்பரில் க்யூசினார்ட் நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 80 லட்சம் பிராசசர்களின் பிளேடுகளைத் திரும்பப் பெற்றது. நான்கு ரிவெட் போட்ட பிளேடு நாளடைவில் விரிசல் விட்டுச் சிறு உலோகத் துண்டுகள் உணவில் விழ வாய்ப்பிருந்ததுதான் காரணம். அவை 1996 முதல் 2015 வரை விற்றவை. பழைய பிராசசரை யாராவது கொடுத்தால், பெற்றுக்கொள்ளுமுன் வெளிச்சத்தில் பிளேடைத் திருப்பி ரிவெட்டைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது இதனால்தான். தகட்டின் அடியைச் சுற்றி பிளாஸ்டிக்கை வார்த்து இறுக்கிய பிளேடுகளில் இந்தத் தொல்லை இல்லை. அவற்றில் தகடு அசைகிறதா என்று மட்டும் விரலால் ஆட்டிப் பாருங்கள்.

கிண்ணமும் மூடியும் பிளாஸ்டிக்தான் என்பதால் அதிகம் எதிர்பார்க்க முடியாது. ட்ரைட்டான், பாலிகார்பனேட் இரண்டும் அடி தாங்கும். எஸ்ஏஎன் (SAN) என்று குறித்த பிளாஸ்டிக் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், கீழே விழுந்தால் விரியும். கிராம்பு போன்றவற்றின் எண்ணெய் எந்தத் தெளிவான பிளாஸ்டிக்கையும் மங்கவைக்கும். பாத்திரம் கழுவும் மெஷினின் சூடும் காரமான பவுடரும் பாலிகார்பனேட்டை நாளடைவில் நொறுங்க வைக்கும், அதனால் கையால் கழுவுங்கள். கேரட் கறையை ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய் தடவித் துடைத்தால் போகும்.

மூடியின் லாக் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிராசசர்கள் அதிகமாகச் சாவது இங்கேதான். மூடி சரியாக மூடினால்தான் மோட்டார் ஓடும். மூடியின் காது ஒரு கம்பியை அமுக்கும். கம்பி கைப்பிடி வழியாகக் கீழிறங்கி அடியில் இருக்கும் குட்டிச் சுவிட்சை அழுத்தும். காது உடைந்தாலும் கம்பி சிக்கினாலும் மெஷின் செத்தமாதிரி கிடக்கும். கைப்பிடிக்குள் காய்ச்சாறு இறங்கிக் காய்ந்து கம்பியைப் பிடித்துக்கொள்வது மிகச் சாதாரணம். வெதுவெதுப்பான தண்ணீரில் கைப்பிடியை மட்டும் அரை மணி நேரம் ஊறவைத்துக் கம்பியைத் தள்ளித் தள்ளிவிட்டால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். கடையில் மூடியைப் பத்து முறை பூட்டித் திறந்து பாருங்கள். காது தடித்து, அடிப்பாகத்தில் வளைவாகச் சேர்ந்திருக்க வேண்டும். மெல்லிய காது செங்குத்தாக ஒட்டிக்கொண்டிருந்தால் அது உடையும் இடம். மூடியைத் திருப்புவதற்கு இரண்டு கை பலம் தேவைப்பட்டாலும் வேண்டாம்.

பிளெண்டர் ஜாரின் அடியில் பிளேடு அச்சைத் தாங்குவது ஒன்று வெண்கலப் புஷ் (அச்சு நுழைந்து சுழலும் குழல்), இல்லையென்றால் பால் பேரிங் (குண்டுகள் வைத்த பேரிங்). கெட்டியான காய்க்குப் பால் பேரிங் வேண்டும். அதன்மேல் உட்காரும் ரப்பர் சீல்தான் ஜாரின் ஆயுள். சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் இறங்கும், கிரீஸ் கரையும், துரு ஏறும். ஜாரின் அடியில் கறுப்பாக ஒரு துளி தெரிந்தாலோ, பிளேடைக் கையால் சுற்றும்போது மணல் அரைபடுவது போல உணர்ந்தாலோ, பிளேடை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரிந்தாலோ அந்த ஜாரைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம்; பேரிங் தொகுதியை மாற்றிய பிறகு எடுக்கலாம். ஜாரைத் தண்ணீரில் மூழ்கவைத்து ஊறப்போடுவதுதான் இதற்கு முதல் காரணம். பாதியளவு வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சொட்டு சோப்பும் விட்டு 30 நொடி ஓட்டிக் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வையுங்கள்.

எவ்வளவு நல்ல மெஷினும் காயைத் தயார் செய்யும் விதத்தில் கெடும். கொத்துவதற்குப் போடும் கேரட்டையும் பீட்ரூட்டையும் 2 முதல் 2.5 செ.மீ. துண்டுகளாக, ஒரே அளவில் வெட்ட வேண்டும். பெரியதும் சிறியதும் கலந்தால் சிறியது கூழாகும்வரை பெரியது உருண்டுகொண்டிருக்கும். கிண்ணத்தில் பாதிக்கு மேல் வேண்டாம். பல்ஸ் பொத்தானை ஒரு நொடி அமுக்கி, பிளேடு முழுக்க நின்றதும் அடுத்தது. நிற்கவிடாமல் அடித்தால் துண்டுகள் கீழே விழ நேரமில்லை, தவிர ஒவ்வொரு முறையும் மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரம் ஓட்டத்தில் இழுப்பதைவிடப் பல மடங்கு. எட்டுப் பத்து பல்ஸில் கேரட் கொத்தாகிவிடும். ஒரு துண்டு பிளேடுக்கும் சுவருக்கும் நடுவே ஆப்பாக மாட்டிக்கொண்டு ‘ம்ம்’ என்று சத்தம் மட்டும் வந்தால் உடனே நிறுத்திப் பிளக்கைப் பிடுங்குங்கள். சுற்ற முடியாமல் நிற்கும் பிரஷ் மோட்டார் கருக அதிக நேரம் ஆகாது.

செலரி, இஞ்சி போன்ற நார்க்காய்களை நாருக்குக் குறுக்கே 1 செ.மீ. வில்லைகளாக வெட்டிப் போட வேண்டும். நீளமாகப் போட்டால் நார் நடுத்தண்டைச் சுற்றிக்கொண்டு சீலுக்கு அடியில் புகும். முட்டைக்கோஸின் நடுத்தண்டை எடுத்துவிடுங்கள். பூசணியின் தோலைச் சீவிவிடுங்கள். உறைந்த காயைச் சீவும் தட்டில் கொடுக்கவே கூடாது. தட்டின் விளிம்பு ஒடியும்.

சீவுவதும் துருவுவதும் கைப்பக்குவம். காய் போடும் குழாயில் கேரட் ஒன்றை மட்டும் விட்டால் அது சாயும், வில்லை கோணலாக விழும், கடைசித் துண்டு தட்டுக்கும் மூடிக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். குழாய் நிறையும்படி, ஒன்று தலைகீழாக ஒன்று நேராக மாற்றி மாற்றி அடுக்குங்கள். தள்ளும் கட்டையைக் கையின் பாரத்தில் சீராக அழுத்தினால் போதும். உடம்பைச் சாய்த்து அழுத்தினால் தட்டு வளைந்து மூடியில் உரசும். மூடியின் உட்பக்கத்தில் வட்டமாகக் கீறல் விழுந்திருப்பது இதனால்தான், மூடிக்காது உடைவதும் பெரும்பாலும் இதனால்தான். அழுத்தாமல் காய் இறங்கவில்லை என்றால் தட்டு மழுங்கிவிட்டது என்று பொருள். கிண்ணத்தில் விழும் காய் தட்டின் அடியைத் தொடுமுன் நிறுத்திக் கொட்டிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் காய் தட்டை மேலே தூக்கும், தண்டு அச்சிலிருந்து பாதி கழன்று நடுத்துளையின் பிளாஸ்டிக் மழுங்கும்.

கிண்ணத்தின் அளவும் ஆயுளில் சேர்த்திதான். பெட்டியில் போட்டிருப்பது உலர்ந்த பொருளின் கொள்ளளவு. திரவம் சேர்ந்தால் நடுத்தண்டின் உயரத்துக்கு மேல் வழியும் என்பதால் ஏறக்குறைய பாதிதான் பயன்படும். நான்கைந்து பேருக்குத் தினமும் காய் வெட்ட 3 லிட்டர் கிண்ணம் சரி. 1 லிட்டர் குட்டி மெஷினில் ஆறு தடவை ஓட்டுவது மோட்டாரை ஆறவிடாமல் அடிப்பதாகும்.

உத்தரவாதச் சீட்டைப் படிக்கும்போது மோட்டாருக்கு எத்தனை வருஷம் என்பதோடு, ‘மற்ற பாகங்கள்’ என்ற வரியையும் பாருங்கள். கிண்ணம், மூடி, பிளேடு, கப்ளர் எல்லாம் அந்த வரியில்தான் வரும், அது பெரும்பாலும் மிகக் குறைவு. இந்த நான்கின் பாக எண்ணையும் விலையையும் வாங்குமுன் எழுதி வாங்குங்கள். கிண்ணமும் மூடியும் சேர்ந்து புது மெஷினின் விலையில் பாதியைத் தாண்டினால், அந்த மெஷினை ரிப்பேர் செய்து வைத்துக்கொள்ள மாட்டீர்கள். வேறு மாடல் பாருங்கள். பத்து வருஷமாக ஒரே கிண்ணத்தை மாற்றாமல் விற்கிற பழைய மாடல், போன மாதம் வந்த புது மாடலைவிட இந்த விஷயத்தில் நம்பகமானது. தொடுதிரை சுவிட்சைவிடத் திருகும் சுவிட்சும் அமுக்கும் பொத்தானும் மேல். ஈரக்கையால் தொட்டாலும் வேலை செய்யும், கெட்டால் மாற்றவும் முடியும்.

வாங்கியதும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். முதல் ஓரிரு ஓட்டத்தில் மோட்டாரின் கம்பிச்சுருளில் பூசிய வார்னிஷ் சூடேறும் லேசான வாசனை வரலாம், அது போய்விடும். ஒரு கிலோ கேரட்டைத் துருவுங்கள், அரைக் கிலோ பீட்ரூட்டை மூன்று ஈடாகக் கொத்துங்கள், கையேட்டில் சொன்ன இடைவெளியோடு. தட்டை மாட்டிக் காயில்லாமல் ஓட்டும்போது அதன் விளிம்பு மேலும் கீழும் அலைந்தால் அச்சோ தட்டோ கோணல். காற்றுத்துளை வழியாகப் பார்த்தால் பிரஷ் இருக்கும் இடத்தில் நீலநிறச் சிறு பொறி தெரிவது சகஜம். வளையமாக மஞ்சள் தீ சுற்றினால் கம்யூட்டேட்டர் சரியில்லை. கடைசி ஈடு முடிந்ததும் அடிப்பாகத்தில் கைவைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம், கையை வைத்திருக்க முடியாத சூடோ, கருகிய நெடியோ, தொடங்கும்போது இல்லாத கரகரப்போ இருந்தால் பழகிவிடும் என்று காத்திருக்காமல் அன்றே பில்லோடு திருப்பிக் கொண்டுபோங்கள்.